கப்பல் வரும் முன்பே உடைந்த விலக்கு: ஹவாயில் மிஷனரித் தடங்கள், ஏழு நாள்

நாள் 1: கைலுவா-கோனா

ஹவாயில் மிஷனரிகள் ஏற்படுத்திய மாற்றத்தைப் பார்க்க வருகிறவர்கள் நேரே சர்ச்சுக்குப் போய்விடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. கைலுவா-கோனா படகுத்துறையை ஒட்டிய சின்னக் குடாவில் கூரை வேய்ந்த ஒரு கோயில் மேடை இருக்கிறது. பெயர் அஹுஎனா. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. உள்ளே கால் வைக்கக் கூடாது, கரையில் நின்று பார்க்கலாம். தீவுகளை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா 1819 மே 8 அன்று இறந்தது இந்தக் கரையில்தான்.

அதுவரை ‘கபு’ என்ற முறை நடந்தது. தீட்டு, விலக்கு, அரசாணை மூன்றையும் சேர்த்துக் கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது. இருவருக்கும் அடுப்பே வேறு. பன்றிக்கறி, வாழைப்பழம், தேங்காய் பெண்களுக்கு ஆகாது. மீறினால் உயிர் போகும். அரசர் இறந்த சில மாதத்தில் அவருடைய மனைவியர் காஅஹுமானுவும் கெஓபூஓலானியும் புதிய அரசர் லிஹோலிஹோவைப் பெண்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள். அவர் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. விலக்கு அன்றோடு போயிற்று; கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் ஆணை பிறந்தது. எதிர்த்து நின்ற கெகுஆஓகலானி 1819 டிசம்பரில் குவாமோஓ போரில் மாண்டார், கூடவே போரிட்ட அவர் மனைவி மனோனோவும். கடற்கரைச் சாலையான அலீஇ டிரைவ் தெற்கே முடிகிற இடத்தில், எரிமலைக் கல்லைக் குவித்து மூடிய அந்தப் புதைகுழிகள் இருக்கின்றன. கற்குவியல் மேல் ஏறக் கூடாது.

அந்தச் சமயத்தில் மிஷனரிகள் நடுக்கடலில் இருந்தார்கள். ‘தாடியஸ்’ கப்பல் 1819 அக்டோபர் 23 அன்று பாஸ்டனை விட்டது. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி 1820 மார்ச் 30 அன்று கவாய்ஹாய் கரையைக் கண்டது. ஏப்ரல் 4 அன்று கைலுவா வந்தது. சிலை வணக்கத்தோடு மல்லுக்கட்டத் தயாராக வந்தவர்களுக்குக் கரையில் கிடைத்த முதல் செய்தியே சிலைகள் எரிந்துவிட்டன என்பதுதான். மிஷனரிகள் வந்து பழைய மதத்தை ஒழித்தார்கள் என்று பயணக் கையேடுகளில் இன்றும் வருகிறது. வரிசையே தலைகீழ். காலி செய்த வீட்டுக்குள் இவர்கள் குடிவந்தார்கள்; அதற்கும் அரசர் முதலில் கொடுத்த அனுமதி ஓராண்டுக்குத்தான்.

சாலைக்கு அந்தப்பக்கம் மொகுஆய்காவா சர்ச். இன்றைய கட்டடம் 1835 முதல் 1837 வரை எழும்பியது. நீளம் 120 அடி, அகலம் 48 அடி, கோபுரம் 112 அடி. சுவருக்கு எரிமலைக் கல். அதில் பழைய கோயிலிலிருந்து பெயர்த்த கற்களும் உண்டு. சாந்து, பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. உத்தரங்கள் ஓஹியா மரம். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள்: சட்டங்கள் சேரும் இடத்தில் இரும்பாணிக்குப் பதில் மரமுளை அடித்திருப்பார்கள். இந்த வகைச் சுவருக்கு எமன் நிலநடுக்கம். கல்லும் சாந்தும் வேறு வேறு வேகத்தில் அசைய, நடுவில் பிளவு விழும். 2006 அக்டோபர் 15 நடுக்கத்தில் இந்த சர்ச்சும் எதிரே உள்ள ஹூலிஹேஎ அரண்மனையும் நன்றாக அடிவாங்கின.

நாள் 2: நாபோஓபோஓ, ஹோனவுனவு

கைலுவாவிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து கடலுக்கு இறங்கும் சாலை. கீழே கெஅலகெகுவா விரிகுடா, கரையில் ஹிகியாவு கோயில் மேடை. 1779இல் கேப்டன் குக் தன் மாலுமி ஒருவரை இங்கே அடக்கம் செய்து ஜெபம் படித்தார். மிஷன் கப்பல் வருவதற்கு 41 ஆண்டு முன்பே இந்த மண்ணில் கேட்ட கிறிஸ்தவ ஜெபம் அது.

இதே கோயிலில் பூசாரியாக இருந்த மாமனிடம் மந்திரங்கள் கற்றுவந்தவன் ஓபூகஹயா. போரில் பெற்றோரைப் பறிகொடுத்த பையன். 1808 வாக்கில் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ஏறி நியூ இங்கிலாந்து போனான், படித்தான், ஞானஸ்நானம் பெற்றான், 1818 பிப்ரவரியில் கனெக்டிகட் மாநிலம் கார்ன்வாலில் டைபஸ் காய்ச்சலில் இறந்தான். அவன் வாழ்க்கைக் குறிப்பு அச்சாகி, அதைப் படித்துக் கண்ணீர்விட்டவர்கள் கொடுத்த பணத்தில்தான் ‘தாடியஸ்’ புறப்பட்டது. கப்பலில் அமெரிக்கத் தம்பதிகள் ஏழு ஜோடி மட்டும் வரவில்லை. தாமஸ் ஹோபு, வில்லியம் கானுயி, ஜான் ஹோனோலிஇ, கவாயீ தலைவரின் மகன் ஹுமெஹுமெ என்று நான்கு ஹவாயர்களும் வந்தார்கள். மொழிபெயர்ப்பும் அரசவையில் பேச்சும் தொடக்கத்தில் அவர்களால்தான் ஓடின. ஓபூகஹயாவின் எலும்புகள் 1993இல் ஊர் திரும்பின. மேட்டில் இருக்கும் கஹிகோலு சர்ச் வளாகத்தில் கடலைப் பார்த்தபடி கல்லறை.

திரும்பும் வழியில் ஹோனவுனவு மேட்டில் உள்ள வண்ணச் சர்ச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். இது கத்தோலிக்கர்களுடையது; ‘தாடியஸில்’ வந்தவர்கள் புராட்டஸ்டண்டுகள். ஜான் வெல்கே என்ற பெல்ஜியப் பாதிரியார் 1899 முதல் 1904 வரை மரப்பலகைமேல் பெயின்ட் அடித்தே உள்ளே ஒரு கோதிக் பேராலயத்தைக் காட்டிவிட்டார். தூண்களின் உச்சி பனையோலையாகப் பிரிந்து கூரையில் வானமாகிறது. புராட்டஸ்டண்ட் செல்வாக்கில் இருந்த அரசு 1831இல் கத்தோலிக்கப் பாதிரியார்களை நாடு கடத்தியது. 1839இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து 20,000 டாலர் பிணைத்தொகை வாங்கிய பிறகே அவர்களுக்கு வழி திறந்தது.

நாள் 3: கீலவேயா, ஹீலோ

எரிமலைப் பூங்காவில் ஹலெமாஉமாஉ பள்ளத்தின் விளிம்பில் ஓஹேலோ செடியைத் தேடுங்கள்: குட்டையான புதர், சிவப்புப் பழம். முதல் பழம் எரிமலைத் தெய்வம் பெலேவுக்கு. கொடுக்காமல் வாயில் போடக் கூடாது. 1824 டிசம்பரில் கபிஓலானி என்ற பெண் தலைவர் கோனாப் பக்கமிருந்து நடந்தே வந்து, பெலேவுக்குக் கொடுக்காமல் பழத்தைத் தின்று, பள்ளத்துக்குள் கல் எறிந்து, ஜெபம் செய்து, உயிரோடு திரும்பினார். லிஹோலிஹோவின் பந்தியில் நடந்ததும் இதே சோதனைதான்: மீறிப் பார், என்ன ஆகிறது என்று பார். பெலே என்னவோ போய்விடவில்லை. இன்றும் விளிம்பில் ஓலையில் மடித்த காணிக்கை கிடக்கும். அதைத் தொடாதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம்.

ஹீலோவில் மிஷனரி டைட்டஸ் கோன் 1838 ஜூலை 1 அன்று ஒரே நாளில் 1,705 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆட்களை வரிசை வரிசையாக உட்கார வைத்து, நடுவே நடந்துகொண்டே தண்ணீர் தெளித்தார். இந்தத் திரளுக்குக் காரணம் பிரசங்கம் மட்டுமல்ல. 1837 நவம்பரில் ஹீலோவை ஆழிப்பேரலை அடித்திருந்தது. அதைவிட, வெளியிலிருந்து வந்த நோய்களால் ஊர் ஊராகச் சனம் செத்துக்கொண்டிருந்தது. மிஷனரிகளே எடுத்த கணக்குப்படி 1832இல் தீவுகளில் 1,30,313 பேர், 1836இல் 1,08,579. நான்கு ஆண்டில் இருபதாயிரத்துக்கு மேல் குறைவு. பழைய தெய்வமும் வைத்தியமும் கைவிட்ட காலத்தில் புதிய தெய்வத்திடம் போனார்கள்.

ஹீலோவில் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கும் வாரத்தில் ‘மெரி மோனார்க்’ ஹூலா நடன விழா. 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை போட்டது கிறிஸ்தவராகிவிட்ட காஅஹுமானு. 1859 சட்டம் உரிமம் வாங்கி ஆடச் சொன்னது. காலாகாவா மன்னர் 1883 முடிசூட்டு விழாவில் அரண்மனை வாசலிலேயே ஆடவிட்டார். அவர் பட்டப்பெயரில் நடக்கும் விழா, ஈஸ்டரில் தொடங்குகிறது. ஹீலோக்காரர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை.

நாள் 4: ஹொனலூலு, அச்சுக்கூடம்

கோனாவிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். மிஷன் வீடுகள் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வேண்டும். மர வீடு பாஸ்டனில் அறுத்த சட்டங்களாகக் கப்பலில் வந்து 1821இல் பூட்டப்பட்டது. குளிர் நாட்டுக் கணக்கு: தாழ்ந்த கூரை, சின்னச் சன்னல். ஹொனலூலு வெயிலில் உள்ளே எப்படி இருந்திருக்கும் என்பதை மதியம் இரண்டு மணிக்குப் போனால் விளக்காமலே புரியும்.

அச்சுப்பொறிதான் முக்கியம். 1822 ஜனவரி 7 அன்று, தலைவர் கேஎயாஉமொகு கைப்பிடியை இழுக்க முதல் தாள் அச்சானது: 16 பக்க எழுத்துப் பாடநூலின் தொடக்கம். வேலை இப்படி. தாளை முன்பே ஈரமாக்கி வைக்க வேண்டும். காய்ந்த தாள் மையைச் சரியாக வாங்காது. ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்து, சட்டத்தில் இறுக்கி, மை தடவி, தாளை விரித்து, கைப்பிடியை இழுக்க வேண்டும். ஹவாய் மொழிக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று: அங்கே எல்லா அசையும் உயிரில்தான் முடியும், ‘ஏ’யும் (a) ‘கே’யும் (k) வரிக்கு வரி வரும். ஆங்கிலத்துக்காக வார்த்த எழுத்துப் பெட்டியிலோ ‘கே’ கொஞ்சம்தான். பாதிப் பக்கத்திலேயே எழுத்து தீர்ந்துபோகும்.

எழுத்தை வகுத்த கதை தமிழர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஹவாயர் வாயில் ககரமும் தகரமும் ஒன்றுக்கொன்று மாறி வரும். லகரம் ரகரம், பகரம் அதன் மெலிந்த ஒலி எல்லாம் அப்படியே. ஒருவர் ‘தமேஹமேஹா’ என்பார், இன்னொருவர் ‘கமேஹமேஹா’ என்பார். ‘ஹொனொருரு’, ‘ஹொனலூலு’ இரண்டும் ஒரே ஊர். மிஷனரிகள் தங்களுக்குள் வாக்கெடுத்து 1826இல் பி (b), டி (d), ஆர் (r), டீ (t), வீ (v) என்ற ஐந்து எழுத்தை நீக்கினார்கள். மிஞ்சியவை ஐந்து உயிர், ஏழு மெய். ஒரே ‘ப’வை வைத்து இரண்டு ஒலியைச் சமாளிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஹவாயில் அதனால் ஒரு சில ஆண்டில் கிழவர்கள்கூடப் படிக்கக் கற்றார்கள்.

தவறு வேறிடத்தில் நடந்தது. குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் காட்டவில்லை. சொல்லுக்கு நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியையும் விட்டுவிட்டார்கள், ‘என்’, ‘உன்’ மாதிரிச் சில சொற்களில் மேலே ஒரு சிறு குறி போட்டதைத் தவிர. ‘பௌ’ என்றால் முடிந்தது. நடுவில் அடைத்து ‘ப-உ’ என்றால் புகைக்கரி. இரண்டையும் நீட்டி ‘பா-ஊ’ என்றால் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி. பழைய அச்சில் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டு. பேசிப் பழகியவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்தது. பேச்சு அறுந்த பிறகு பேரப்பிள்ளைகள் ஊகிக்க வேண்டியதாயிற்று. இன்றைய நூல்களில் இரண்டுக்கும் குறி உண்டு.

பள்ளிகள் குழந்தைகளிடம் தொடங்கவில்லை. முதலில் தலைவர்கள், பிறகு அவர்கள் அனுப்பிய ஹவாய் ஆசிரியர்கள், பிறகு ஊர்ப் பெரியவர்கள். 1831 வாக்கில் சுமார் 1,100 பள்ளிகள், 52,000 மாணவர்கள். ஒரு புத்தகத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து படித்ததால் தலைகீழாகப் படிப்பதில் தேர்ந்தவர்களும் உண்டாம். மனப்பாடம் மிஞ்சியது என்ற குறை அப்போதே இருந்தது. ஆனாலும் 1839இல் முழு பைபிள் வந்தபோது வாசிக்க ஒரு நாடே தயாராக இருந்தது.

நாள் 5: கவாயஹாஓ சர்ச், துணி

மிஷன் வீடுகளுக்கு அடுத்த வளாகம். 1836 முதல் 1842 வரை கட்டிய சர்ச். சுவரில் சுமார் 14,000 பவளக்கல். 10 முதல் 20 அடி ஆழத்தில் ஆட்கள் மூழ்கிக் கைக்கருவியால் வெட்டி மேலே ஏற்றினார்கள். ஒரு கல் 450 கிலோவையும் தாண்டும். ஈரத்தில் உளிக்கு வளையும், காய்ந்தால் இறுகும். கிட்டப் போய்ப் பார்த்தால் சுவரில் பவளப்பூச்சியின் அறைகள் அப்படியே தெரியும். இந்த மாதிரி மென்கல்லுக்குச் சிமென்ட் பூசுவது பெரிய தப்பு. ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டு முகப்பு செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் மூச்சு விடும்.

துணிக்கு வருவோம். 1820 ஏப்ரல் 3 அன்று, ‘தாடியஸ்’ கைலுவாவுக்கு வரும் முன்பே, அரசி காலாகுவா வெள்ளைத்துணியோடு கப்பலில் ஏறி, மிஷனரிப் பெண்கள் போட்டிருக்கும் மாதிரி உடை வேண்டும் என்றார். உடுத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தும் முன்பே வந்த ஆர்டர். ஆகிருதியான உடம்புக்கும் அந்த ஊர் வெக்கைக்கும் இடுப்பில் இறுக்கும் வெட்டு ஒத்துவராது. இறுக்கத்தை எடுத்துவிட்டு, தோள்பட்டையில் பட்டி வைத்து, அங்கிருந்து துணியைத் தொங்கவிட்டார்கள். அதுதான் ஹோலோகூ. பட்டியை எடுத்து, கையைக் குட்டையாக்கிய உள்ளாடை மூமூ. பிற்பாடு அதுவே வெளி உடையாயிற்று.

மெத்தைவிரிப்பு இதைவிடச் சுவாரசியம். மிஷனரிப் பெண்கள் கற்றுக்கொடுத்தது துண்டுத்துணிகளை இணைக்கும் தையல். ஹவாய்ப் பெண்களிடம் வெட்டி மிச்சமான துணி என்பதே இல்லை. மரப்பட்டையை அடித்து ஒரே விரிப்பாகச் செய்தே பழகியவர்கள். முழுத்துணியைத் துண்டாக்கித் திரும்பச் சேர்ப்பது அவர்களுக்குக் கிறுக்குத்தனம். வழி மாறியது. இரண்டேகால் மீட்டர் சதுரத் துணியை மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு முக்கோணம். முனையில் தொடங்கி ஈரப்பலா இலை மாதிரி ஒரு வடிவத்தை ஒரே வெட்டாக வெட்டிப் பிரித்தால் எட்டு கிளை விரியும். அதை வெள்ளைத்துணிமேல் பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கி நீளத்தையல் போட்டு நிறுத்தி, ஓரத்தை ஊசி நுனியால் கால் அங்குலத்துக்கும் குறைவாக உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். பிறகு பஞ்சு, அடித்துணி. கடைசியில் வடிவத்தின் விளிம்பைத் தொடர்ந்து அரை அங்குலத்துக்கு ஒரு வரியாக அலை அலையாகத் தையல்.

சொதப்பும் இடங்கள் மூன்று. மடிப்பு நடுவில் நழுவினால் எட்டு கிளையும் எட்டு அளவு. நீளத்தையலை ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொங்கி நிற்கும். உள்வளைவில் கத்தரி கொஞ்சம் அதிகம் போனால் நூல் பிரிந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. பெரிய விரிப்புக்கு ஓராண்டு தாராளமாகப் பிடிக்கும். காட்சிக்கு விரித்த விரிப்பின் மேல் உட்காராதீர்கள். அங்கே அது மரியாதைக் குறைவு.

நாள் 6: லஹைனா

மாவுயி தீவின் கஹுலூயி விமான நிலையத்திலிருந்து சுமார் 37 கிலோமீட்டர். 2023 ஆகஸ்ட் 8 தீயில் பழைய ஊர் போய்விட்டது. 1830களின் பால்ட்வின் வீடும் எரிந்தது, வாயிஓலா சர்ச்சும் எரிந்தது. அரசி கெஓபூஓலானி 1823இல் இறக்கும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்ற ஊர் இது; வாயிஓலா கல்லறையில்தான் அவர் இருக்கிறார். வேடிக்கை பார்க்கப் போகும் இடமாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். வீடிழந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

மேட்டில் லஹைனாலூனா பள்ளி தப்பியது. 1831இல் தொடங்கியது, அதன் அச்சுக்கூடமான ஹலே பாயி பள்ளி வளாகத்துக்குள் இருப்பதால் கேட்டுவிட்டே போக வேண்டும். 1834 பிப்ரவரி 14 அன்று இங்கிருந்து வந்த ‘கா லாமா ஹவாய்’தான் முதல் ஹவாய் மொழி இதழ். ஹவாயரான டேவிட் மாலோ இங்கே படித்து, பழைய வழக்கங்களை எழுதிவைத்தார். அடுத்த நூற்றுச்சொச்சம் ஆண்டில் ஹவாய் மொழியில் வந்த இதழ்கள் நூறைத் தாண்டும். மந்திரம், வம்சாவளி, மீன்பிடி நுட்பம், அரசியல் சண்டை எல்லாம் அதில். ஹூலாவை எதிர்த்தவர்கள் கொடுத்த எழுத்தில் ஹூலாப் பாட்டு பத்திரமானது. இன்றைய ஆசான்கள் அதைத் தேடித்தான் அந்தத் தாள்களைப் புரட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு செய்தி: லஹைனாலூனாவை நடத்திய ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷன் அமைப்புதான் 1816இல் யாழ்ப்பாணம் வந்து 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. ஆனால் வந்து சேர்ந்த இடம் வேறு. ஹவாயில் சுதந்திர அரசு அச்சை வரவேற்றது. 1820இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அச்சாளரைப் பிரிட்டிஷ் ஆட்சி தங்கவிடவில்லை, 1834இல்தான் அங்கே மிஷன் அச்சகம் ஓடியது. தமிழுக்கோ எழுத்தும் இலக்கணமும் ஏற்கெனவே இருந்தன. மிஷனரிகள் நம்மவர்களிடம் உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது. ஹவாய் எழுத்தை வாக்கெடுத்து முடிவு செய்ய முடிந்தது.

நாள் 7: ஹொனலூலு, இயோலானி அரண்மனை

கடைசி நாள் நிலத்துக்கும் சட்டத்துக்கும். லஹைனா மிஷனரி வில்லியம் ரிச்சர்ட்ஸ் 1838இல் மிஷனை விட்டு அரசரின் ஆலோசகரானார். 1840இல் அரசியலமைப்பு வந்தது. 1848இல் ‘மஹேலே’ என்ற பங்கீட்டில் நிலம் அரசர், தலைவர்கள், அரசு என்று பிரிந்தது. குடியானவர் தன் பங்கைப் பெற 1848 பிப்ரவரி 14க்குள் மனுப் போட வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், நிலத்தை அளக்க வேண்டும், தானே பயிரிடுகிற துண்டு என்று காட்ட வேண்டும். தரிசாகக் கிடந்த வயல், விறகெடுக்கும் மலை, மீன்பிடிக்கும் கடல் எதுவும் அந்தத் துண்டுக்குள் வராது. நிலம் தனியாளுக்குச் சொந்தமாகும் என்பதே புரியாதவர்களும், நோயில் ஊரைவிட்டுப் போனவர்களும் மனுவே போடவில்லை. கடைசியில் குடியானவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 28,600 ஏக்கர். மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 1850இல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்றானது. மிஷனின் கணக்கு வழக்கைப் பார்த்த கேஸலும் குக்கும் 1851இல் கடை போட்டார்கள். மிஷனரிப் பிள்ளைகள் அலெக்சாண்டரும் பால்ட்வினும் 1870இல் கரும்புக்கு இறங்கினார்கள். தீவுகளை ஆண்ட ஐந்து பெரிய கம்பெனிகளில் இரண்டு இவை.

1893 ஜனவரி 17 அன்று அரசி லிலிஉஓகலானியை இறக்கிய சதியில் முன்னின்ற லோரின் தர்ஸ்டன், ‘தாடியஸில்’ வந்த ஏசா தர்ஸ்டனின் பேரன். அடுத்து அமைந்த அரசின் தலைவர் சான்ஃபர்ட் டோல், மிஷனரி ஆசிரியரின் மகன். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே போதனாமொழி என்று சட்டம். ஹவாய் மொழியில் எழுதப் படிக்க வைத்தவர்களின் வாரிசுகள் காலத்தில் இது நடந்தது. முதல் தலைமுறையையும் மூன்றாம் தலைமுறையையும் ஒரே தராசில் போடக் கூடாது. 1978இல் ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழியானது; 1984இல் மழலையர் பள்ளி. சதியின் நூறாவது ஆண்டு நாளில், 1993இல், அந்த மிஷனின் வழிவந்த திருச்சபை இந்த அரண்மனை வளாகத்தில் மன்னிப்புக் கேட்டது.

மாடியில் அரசி 1895இல் எட்டு மாதம் அடைபட்டிருந்த அறையைத் தவறவிடாதீர்கள். அவரும் உடனிருந்தவர்களும் தைத்த விரிப்பு கண்ணாடிக்குள் இருக்கிறது. எட்டு கிளை விரியும் ஹவாய் வெட்டு இதில் இல்லை; ஒன்பது கட்டம், பட்டும் ரிப்பனும் தாறுமாறாக இணைத்த மேல்நாட்டுத் துண்டுத்தையல். நடுக் கட்டத்தில் குறுக்காக வைத்த ஹவாய்க் கொடிகள். சுற்றிலும் ஊசியால் எழுதிய தேதிகள், பெயர்கள். இங்கே சிறையிருந்தோம், இங்கேதான் இதைத் தொடங்கினோம் என்ற வரி. அறையில் வெளிச்சம் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் கொடுத்தால் எழுத்துகள் தெரியும்.